ழான் மொரோவை முதலில் எந்தப் படத்தில் பார்ப்பது?

சினிமா ஆர்வமுள்ள நண்பர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். ழான் மொரோ என்ற ஃபிரெஞ்சு நடிகையின் பெயர் தெரிந்திருக்கும். 1950-களின் கடைசியில் இளம் இயக்குநர்கள் கொண்டுவந்த ஃபிரெஞ்சு 'புதிய அலை' சினிமா பற்றி எங்காவது படித்திருப்பார்கள். தேடிப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட நடிப்பு வாழ்க்கை, மேடை நாடகங்கள், இசைத்தட்டுகள், போதாக்குறைக்கு அவரே இயக்கிய படங்கள். கையில் இருப்பதோ ஒரு சனிக்கிழமை இரவு. அந்த இரவில் பொருந்தாத படத்தைப் போட்டுவிட்டால், "பெரிய நடிகை என்றார்கள், எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை" என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். அப்படி விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து படங்களை எடுத்துக்கொள்கிறேன். ஐந்துமே 1958-க்கும் 1963-க்கும் இடையில் திரைக்கு வந்தவை. அவருடைய நல்ல படங்கள் இவ்வளவுதான் என்று அர்த்தமில்லை. ஆனால் தொடங்குவதற்கான வாசல்கள் இந்த ஆறு வருஷத்துக்குள்தான் இருக்கின்றன.

## எதை வைத்து அளப்பது

அவர் எங்கிருந்து வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அளவுகோல் அங்கிருந்துதான் பிறக்கிறது.

1928 ஜனவரி 23-ஆம் தேதி பாரிஸில் பிறந்தவர். அப்பா உணவகம் நடத்தினார். அம்மா இங்கிலாந்துக்காரர், பாரிஸின் புகழ்பெற்ற ஃபோலி பெர்ஜேர் கேளிக்கை அரங்கில் நடனமாடியவர். நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில், பதினாறு வயதுப் பெண், அப்பாவுக்குத் தெரியாமல் போய் நாடகாசிரியர் அனூய் எழுதிய 'அந்திகோன்' நாடகத்தைப் பார்த்தாள். நடிகையாவது என்று தீர்மானித்தாள். 1947-இல் நாடக இயக்குநர் ழான் விலார் தொடங்கிய முதல் அவிஞோன் நாடக விழாவில் மேடையேறினாள். அப்புறம் பழம்பெரும் நாடகாசிரியர் மோலியேர் மரபில் வந்த கொமெதி ஃபிரான்சேஸ் நாடகக் குழு. இருபது வயதில் அங்கே இடம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. 1950-களின் தொடக்கத்தில் அதையும் உதறிவிட்டு விலாரின் தேசிய மக்கள் நாடக அரங்குக்குப் போய், நடிகர் ஜெரார் ஃபிலிப்போடு நடித்தார். 1956-இல் பாரிஸின் தியேட்டர் அந்துவானில் டென்னசி வில்லியம்ஸ் நாடகத்தின் ஃபிரெஞ்சு வடிவத்தில் மேகி வேடம். 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்' என்று ஆங்கிலத்தில் தெரிந்திருக்கும். இயக்கியவர் பீட்டர் ப்ரூக்.

இதே வருஷங்களில் சினிமாவிலும் நடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சினிமாக்காரர்கள், இந்த முகம் காமிராவுக்கு ஒத்துவராது என்றார்கள். கண்ணுக்குக் கீழே நிழல், கீழ்நோக்கி இழுத்த உதடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத முகம். அதை மறைக்கக் கனமான மேக்கப்பும் ஏகப்பட்ட விளக்கும் போட்டார்கள். நாடகத்தில் நட்சத்திரம், சினிமாவில் சுமார் என்று பத்து வருஷம் போனது.

ஆக, மேடை அவருக்குக் கொடுத்தவை இரண்டு: அரங்கின் கடைசி வரிசைவரை போய்ச் சேரும் குரல், அகன்ற மேடையைக் கடக்கத் தெரிந்த கால். சினிமா பிறகு கண்டெடுத்தது மூன்றாவதை, அந்த முகத்தை. அந்த மேடை நாடகங்களை நாம் இனிப் பார்க்க முடியாது. படங்களில்தான் தேட வேண்டும். என் முதல் மூன்று கேள்விகள் இவை: இந்தப் படத்தில் அவர் நடை இருக்கிறதா? குரல் இருக்கிறதா? முகத்தை மறைக்காமல் விட்டிருக்கிறார்களா?

இன்னும் சில நடைமுறைக் கேள்விகளும் உண்டு. புதிதாகப் பார்க்கிறவரைக் கதை பிடித்து வைக்குமா? சப்டைட்டில் எவ்வளவு வேகமாக ஓடும்? தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அரிது. ஆங்கிலத்தில் வாசித்தபடி பார்க்கிறவருக்கு வசனம் அதிகமுள்ள படம் பெரிய சுமை. வரியைப் படித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிடும்.

| படம் | நீளம் | நடை | குரல் | முகம் | கதையின் பிடி | சப்டைட்டில் சுமை |
|---|---|---|---|---|---|---|
| தூக்குமேடைக்கு லிஃப்ட் (1958) | சுமார் 90 நிமிடம் | முழுமையாக | முழுமையாக | முழுமையாக | மிக வலுவானது | குறைவு |
| மொதெராத்தோ காந்தாபிலே (1960) | ஒன்றரை மணிநேரம் அளவு | ஓரளவு | முழுமையாக | முழுமையாக | மெல்லியது | நடுத்தரம் |
| லா நோத்தே (1961) | 2 மணிநேரம் | முழுமையாக | இல்லை | முழுமையாக | மெல்லியது | நடுத்தரம் |
| ஜூல் எ ஜிம் (1962) | 105 நிமிடம் | ஓட்டமாக | முழுமையாக, பாட்டும் உண்டு | முழுமையாக | வலுவானது, தாவித்தாவிப் போகும் | மிக அதிகம் |
| லா பே தெஸான்ஜ் (1963) | ஒன்றரை மணிநேரத்துக்குள் | முழுமையாக | முழுமையாக | மேக்கப்போடு | வலுவானது | குறைவு |

## தூக்குமேடைக்கு லிஃப்ட்

ஆங்கிலத்தில் 'எலிவேட்டர் டு த காலோஸ்' என்று தேடினால் கிடைக்கும். லூயி மால் இயக்கியது. மேகி வேடத்தில் மொரோவைப் பார்த்துவிட்டுத்தான் அவரைக் கேட்டார் மால். அப்போது மாலுக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

கதை நேரானது. ஃப்ளோரன்ஸ் என்ற பெண்ணும் (மொரோ) அவள் காதலன் ஜூலியனும் சேர்ந்து அவள் கணவனைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். கணவன் ஜூலியனின் முதலாளி. கொலை முடிகிறது. ஆனால் ஜூலியன் ஒரு தடயத்தை வெளியே மறந்துவிட்டு வருகிறான். அதை எடுக்கத் திரும்பிப் போனவன் லிஃப்டில் இருக்கும்போது, சனிக்கிழமை மாலையாயிற்றே என்று காவலாளி மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார். உள்ளே அவன். வெளியே காத்திருக்கும் அவள். இதற்கிடையில் அவன் காரை ஓர் இளம் ஜோடி திருடிக்கொண்டு போகிறது. முன் இருக்கையில் வேறொரு பெண்ணோடு அவன் கார் தன்னைக் கடப்பதை ஃப்ளோரன்ஸ் பார்க்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் நடக்கிறாள். இந்த நடைக்காகவே முதலில் இந்தப் படத்தைப் பாருங்கள் என்கிறேன். இரவு, ஷான்ஸெலிஸே சாலை. கடைக் கண்ணாடிகளிலிருந்தும் மதுக்கடைகளிலிருந்தும் வரும் வெளிச்சம்தான் விளக்கு. ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்காயே, குறைந்த வெளிச்சத்திலும் பதியும் ஃபிலிமைப் போட்டு, காமிராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து அவரோடு கூடவே தள்ளிக்கொண்டு போனார். முகத்தில் மேக்கப் கிடையாது. அவள் வண்டிகளைப் பார்ப்பதில்லை. உதடு மட்டும் லேசாக அசைகிறது. ஒரு கடைக்குள் போய் அவனைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள், வெளியே வருகிறாள், மறுபடி நடக்கிறாள். மழை பிடிக்கிறது, தலைமுடி நனைந்து ஒட்டிக்கொள்கிறது. தெருவிளக்கைக் கடக்கும்போது முகம் தெளிகிறது, அடுத்த அடியில் இருட்டுக்குள் போகிறது. அழுகை இல்லை, பெருமூச்சு இல்லை. காத்திருந்தவள் கைவிடப்பட்டவளாக ஆவதைத் தோளும் காலும் சொல்கின்றன. அகலமான மேடையில் பயின்ற உடம்பு என்பது தெரியும். இப்போது அந்த உடம்புக்கு ஒரு நகரமே மேடை.

அடியில் ஓடுவது ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட். 1957 டிசம்பரில் ஒரே இரவில், படத்தின் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, பெரும்பாலும் அங்கேயே கற்பனை செய்து வாசித்தது.

பதிவான காட்சிகளைப் பார்த்த ஃபிலிம் லேப்காரர்கள் தயாரிப்பாளரிடம் போய், மாலும் தெக்காயேவும் மொரோவைக் கெடுக்கிறார்கள், விடாதீர்கள் என்று முறையிட்டதாக மால் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பத்து வருஷமாக மறைத்துவைத்த முகத்தை அப்படியே காட்டினால் அவர்களுக்கு அது தவறாகப் பட்டிருக்கிறது. அடுத்த சில வருஷங்களில் ஐரோப்பாவின் இயக்குநர்கள் அத்தனை பேரும் தேடி வந்தது அந்த முகத்தைத்தான்.

மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. படத்தின் கணிசமான பகுதி லிஃப்டுக்கும் அந்த இளம் ஜோடிக்கும் போய்விடுகிறது. அந்த ஜோடியின் பகுதி எனக்குக் கொஞ்சம் தொய்வாகவே படும். மொரோ மட்டும் வேண்டும் என்று உட்கார்கிறவருக்கு, அவர் திரையில் இல்லாத நேரம் நீளமாகத் தோன்றலாம்.

யாருக்குப் பொருந்தும்: பழைய கறுப்புவெள்ளைப் படங்களில் பழக்கமில்லாதவர்கள், த்ரில்லர் பிடித்தவர்கள், வீட்டில் நாலு பேரோடு சேர்ந்து பார்க்க நினைப்பவர்கள்.

## ஜூல் எ ஜிம்

பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஃபிரான்சுவா த்ரூஃபோவின் இந்தப் படத்தைத்தான். 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' என்று தேடலாம். முதல் உலகப் போருக்கு முந்தைய பாரிஸ், ஒரு ஆஸ்திரிய நண்பன், ஒரு ஃபிரெஞ்சு நண்பன், இருவரும் காதலிக்கும் காத்தரின்.

படம் தொடங்கும்போது திரை இருட்டாக இருக்கும். அந்த இருட்டில் மொரோவின் குரல் மட்டும் நாலைந்து சின்ன வரிகள் சொல்லும். காதலிக்கிறேன் என்றாய், பொறு என்றேன். என்னை எடுத்துக்கொள் என்று சொல்ல வந்தேன், போய்விடு என்றாய். இவ்வளவுதான். சிகரெட்டில் தோய்ந்த, அடங்கிய, அவசரமில்லாத குரல். படம் முழுவதும் நடக்கப்போவது அந்த வரிகளுக்குள் இருக்கிறது.

நடை இங்கே ஓட்டமாகிவிடுகிறது. மீசை வரைந்துகொண்டு, தொப்பி போட்டு ஆண் வேஷத்தில் அவர் பாலத்தின் மேல் இரண்டு நண்பர்களோடு ஓடும் காட்சியைப் படம் பார்க்காதவர்கள்கூடப் புகைப்படத்தில் பார்த்திருப்பார்கள். முகத்துக்கு இன்னொரு காட்சி. முன்பெல்லாம் நான் இப்படி இருந்தேன் என்று முகத்தைச் சுளித்துக் காட்டுகிறார், சிரித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு முறையும் த்ரூஃபோ படத்தை ஒரு கணம் உறையவைக்கிறார். மொரோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இயக்குநருக்கே தோன்றிய கணங்கள் அவை.

அப்புறம் அந்தப் பாட்டு, 'சுழல்' என்று பொருள்படும் 'லெ தூர்பியோன்'. எழுதிய செர்ஜ் ரெஸ்வானியே படத்தில் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார். பாடும்போது மொரோ சரணங்களை முன்பின் மாற்றிவிட்டார். கையால் சின்னதாக ஒரு சைகை, மாறிப்போச்சே என்பது மாதிரி. நிறுத்தாமல் பாடி முடித்தார். த்ரூஃபோ அதையே படத்தில் வைத்துவிட்டார். மேடையில் வளர்ந்தவருக்குத் தப்பு நடந்தால் நிறுத்தும் பழக்கம் இருக்காது. அந்தக் கைச்சைகையைக் கவனித்துப் பாருங்கள், இரண்டே நிமிடப் பாட்டுதான்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் இதை முதலில் வைக்கவில்லை? என் நண்பர்கள் பலர் முதலில் பார்த்துத் தோற்றது இந்தப் படத்தில்தான். கதைசொல்லியின் குரல் மூச்சுவிடாமல் ஓடுகிறது. சப்டைட்டில் வரிகள் அதன் பின்னால் ஓடுகின்றன. ஃபிரெஞ்சு தெரியாதவர் பாதிப் படத்தைத் திரையின் அடியிலேயே பார்த்து முடிப்பார். இரண்டாவது விலை இன்னும் நுட்பமானது. காத்தரின் இப்படி ஏன் செய்கிறாள் என்று படம் முழுக்க ஆண்கள்தான் விளக்குகிறார்கள். மொரோவை முன்பே அறியாதவர், 'புரியாத பெண்' என்ற அந்த விளக்கத்தையே எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் நடிப்பில் அந்தப் பெண்ணுக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. அது இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஃபிரெஞ்சு தெரிந்தவர்கள், நாவல் படிக்கிற வேகத்தில் தாவும் படங்களுக்குப் பழகியவர்கள் தயங்காமல் இதிலேயே தொடங்கலாம். மற்றவர்களுக்கு இது இரண்டாவது படம்.

## லா நோத்தே

இயக்குநர் அந்தோனியோனியின் இத்தாலியப் படம், பெயருக்கு 'இரவு' என்று பொருள். 1961-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது. மார்செல்லோ மாஸ்த்ரோயான்னி எழுத்தாளராகவும் மொரோ அவர் மனைவி லிதியாவாகவும் நடித்தார்கள். சாகக் கிடக்கும் நண்பனை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வரும் தம்பதி, அன்று பகலும் இரவும் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகியிருப்பதை உணர்வதுதான் படம்.

மிலான் நகரத்தில் லிதியா தனியாக அலையும் பகுதி, 'லிஃப்ட்' படத்து நடைக்குத் தங்கை மாதிரி. அங்கே தேடும் நடை, இங்கே எதையும் தேடாத நடை. ஒரு சுவரில் உரிந்திருக்கும் காறையை விரலால் பெயர்க்கிறாள். சண்டை போடும் வாலிபர்களை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறாள். வெட்டவெளியில் பையன்கள் ராக்கெட் விடுவதை வேடிக்கை பார்க்கிறாள். இரண்டு நடைகளையும் அடுத்தடுத்து பார்த்தவருக்குத்தான் இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

மறைந்திருக்கும் விலை பெரியது: இத்தாலிய வடிவத்தில் நீங்கள் கேட்பது மொரோவின் குரல் இல்லை, இன்னொரு நடிகை டப்பிங் பேசியிருக்கிறார். மொரோவைச் சந்திக்கப் போய் குரல் இல்லாமல் திரும்புவது முதல் சந்திப்புக்கு நல்லதில்லை. தவிர, இரண்டு மணிநேரம் 'அடுத்து என்ன' என்று கேட்காமல் உட்காரத் தெரிய வேண்டும். நீண்ட திருமண வாழ்க்கையின் மௌனத்தை அறிந்தவர்களை இந்தப் படம் விடாது. இருபது வயதில் பார்த்துவிட்டு ஒதுக்கியவர்கள் நாற்பதில் திரும்ப எடுக்கலாம்.

## லா பே தெஸான்ஜ்

'பே ஆஃப் ஏஞ்சல்ஸ்'. ழாக் தெமி இயக்கியது, இசை மிஷெல் லெக்ரான். பட்டியல்களில் எப்போதும் கீழே கிடக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த படம். நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் காமிரா மொரோவை விட்டு வேகமாகப் பின்னோக்கிப் போகிறது, அவர் புள்ளியாகிறார், பியானோ கொட்டுகிறது. அதுதான் தொடக்கம். ஜாக்கி என்ற அந்தப் பெண் ரூலெட் சூதாட்ட மேசையில் எல்லாவற்றையும் வைத்து இழந்தவள். வெளுத்த பொன்னிற முடி, வெள்ளை உடை, குதிகால் செருப்பின் சத்தம். ஜெயித்தால் ஆடம்பர ஹோட்டல், தோற்றால் கையில் ஒரு பெட்டி. இரண்டிலும் நடையில் மாற்றம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். சூதாட்டத்தால் அடிபட்ட வீடு என்றால் இதை முதல் படமாக எடுக்காதீர்கள். அந்தப் பெண் தன் ஆசைக்குக் காரணம் சொல்லும் காட்சிகள் மிக இதமாக, மிக நம்பும்படியாக இருக்கும். அப்படி ஒருவரைச் சொந்தத்தில் பார்த்தவர்களுக்கு வலிக்கும். மற்றபடி 'லிஃப்ட்' கிடைக்காவிட்டால் அதன் இடத்தில் இதையே வைக்கலாம்.

## மொதெராத்தோ காந்தாபிலே

இயக்கம் மேகி வேடத்தை இயக்கிய அதே பீட்டர் ப்ரூக், கதை எழுத்தாளர் மார்கெரித் துராஸ். இதற்காக மொரோ 1960-இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருதை கிரேக்க நடிகை மெலினா மெர்கூரியோடு பகிர்ந்துகொண்டார். மேடையில் அவரைச் செதுக்கியவரே காமிராவுக்குப் பின்னால் நிற்கிறார் என்பதால், நாடகத்துறையில் இருப்பவர்களுக்கு இது பாடம். மற்றவர்களுக்கு மிக மெதுவான படம். நல்ல பிரதி கிடைப்பதும் மற்ற நான்கைவிடச் சிரமம்.

## சிலர் கேட்கும் இன்னும் இரண்டு

'லெஸாமான்', அதாவது 'காதலர்கள்'. மால் 1958-இல் எடுத்தது. அமெரிக்காவில் இதைத் திரையிட்ட ஒஹாயோ தியேட்டர் மேலாளருக்கு அபராதம் விழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1964-இல் படம் ஆபாசமில்லை என்று தீர்ப்பானது. ஆபாசத்தை வரையறுக்கத் தெரியாது, பார்த்தால் தெரிந்துகொள்வேன் என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் சொன்னது இந்த வழக்கில்தான். வழக்கின் பெயரால் பார்க்கப் போகிறவர்கள் நடிப்பைத் தவறவிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, முதுமையில் நடித்த படத்திலிருந்து தொடங்கலாமா என்பது. வேண்டாம் என்பேன். 1986-இல் முதிய வேலைக்காரி ஸெர்லினாக மேடையில் நீண்ட தனிமொழி பேசி, அதற்காக 1988-இல் ஃபிரெஞ்சு நாடகத்துக்கான மோலியேர் விருது வாங்கினார். 1991-இல் வெளிவந்த வேறொரு படத்துக்கு ஃபிரெஞ்சு சினிமாவின் செசார் விருதும் கிடைத்தது. 1992-இல் துராஸின் நாவலிலிருந்து எடுத்த 'த லவர்' படத்தில் அவர் முகமே இல்லை, கதைசொல்லும் குரல் மட்டும். அந்தக் குரலில் எத்தனை வருஷம் ஏறியிருக்கிறது என்பது இளமைக் குரலைக் கேட்டவருக்குத்தான் புரியும். 2011-இல், 83 வயதில், அவிஞோனுக்கே திரும்பிப் போய், பாடகர் எதியேன் தாஓவோடு எழுத்தாளர் ழான் ஜெனேயின் கவிதையை மேடையில் வாசித்தார். முதல் விழாவில் அங்கே நின்றவர். நடுவில் 64 வருஷம். 2017 ஜூலை 31-இல் காலமானார்.

## என் வரிசை

'லிஃப்ட்', பிறகு 'ஜூல் எ ஜிம்', பிறகு 'லா பே தெஸான்ஜ்', நாலாவதாக 'லா நோத்தே'. ஒரே வாரத்தில் நான்கையும் பார்க்க வேண்டாம், நடுவில் சில நாள் விடுங்கள். எந்தத் தளத்தில் எது கிடைக்கும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். உலகத்தின் நல்ல படங்களை டிஸ்க்காக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனத்தின் டிஸ்க் யாரிடமாவது இருந்தால் கடன் கேளுங்கள், இந்த நான்குமே அதில் வந்திருக்கின்றன. ஃபோனில் பார்க்காதீர்கள். இருட்டில் வரும் முகம் சின்னத் திரையில் வெறும் கறுப்பாகிவிடும்.

'லிஃப்ட்' பார்க்கும் சனிக்கிழமை இரவு, சாப்பாட்டையெல்லாம் முன்பே முடித்துவிட்டு உட்காருங்கள். பெயர் ஓடும்வரை நேரம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். முதல் பிம்பமே அவர் முகம்தான், திரை நிறைய, கையில் டெலிபோன். பேச ஆரம்பித்துவிடுவார்.